டென்ட் ஒழுகுது, அடுப்பு அணையுது: மலைமேட்டுச் சாமான்களை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

திங்கள்கிழமை காலை எங்கள் வீட்டுத் திண்ணையில் கால் வைக்க இடம் இருக்காது. சனி, ஞாயிறு கொழுக்குமலைப் பக்கம் போய்வந்த டென்ட்டுகள் ஈரத்தோடு குவிந்து கிடக்கும். மேடு இருப்பது தேனி மாவட்டம். அதற்கு ஏறுகிற ஜீப் பாதை இருப்பதோ எங்கள் இடுக்கிப் பக்கம், சூரியநெல்லி வழியாக. விடியல் பார்க்க வருகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். போகும்போது டென்ட், அடுப்பு, தூக்கப்பை என்று வாடகைக்கு வாங்கிப் போவார்கள். திரும்பும்போது பாதிப் பேர் "அண்ணா, இது ரிப்பேர்" என்று ஒரு மூலையில் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார்கள்.

ஒன்பது வருடமாக இந்தக் குவியலைப் பிரித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. ரிப்பேர் என்று வந்ததில் நிஜமாகவே ரிப்பேரானது கொஞ்சம்தான். அதிலும் பெரும்பாலானதை போடி பஜாரில் பை தைக்கிறவர், செருப்பு தைக்கிறவர், சைக்கிள் கடைக்காரர் இந்த மூன்று பேரிடம் முடித்துவிடலாம். சொந்தமாகச் சாமான் வாங்க நினைக்கிறவர்களுக்கும் நான் சொல்வது அதுதான்: விலையைக் கேட்பதற்கு முன்னால், உடைந்தால் உங்கள் ஊரில் யார் கை வைப்பார்கள் என்று யோசியுங்கள்.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். காசு ஆகாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில். வரிசை தாண்டாமல் பாருங்கள்.

## காலையில் எழுந்தால் டென்ட்டுக்குள் ஈரம்

அதிகமாக வருகிற புகார் இதுதான். நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி: ராத்திரி மழை பெய்ததா?

### மழை இல்லை, ஆனாலும் நனைந்திருக்கிறது

உங்கள் மூச்சுதான் அது. நாலு பேர் படுத்துக்கொண்டு, குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடினால், விடிவதற்குள் மழைக்காக டென்ட் மேல் போர்த்துகிற மேல்ஷீட்டின் உள்பக்கம் முழுக்க வியர்த்துவிடும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இழுத்த இடம் மட்டும் துடைத்தது போலத் தெளிந்து, சுற்றிலும் பொடி முத்தாக நீர் நின்றால் அது வியர்வை. ஒழுகல் என்றால் ஒரே இடத்திலிருந்து சாரையாக இறங்கிய தடம் இருக்கும்.

செய்ய வேண்டியது: உச்சியில் இருக்கும் காற்றுவாய்கள் இரண்டையும் திறந்தே வையுங்கள். மேல்ஷீட் உள்துணியில் ஒட்டாதபடி நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். நனைந்த சட்டை, ஷூ எல்லாம் வாசல் பக்கம் இருக்கட்டும். பள்ளத்தில் அடிக்காமல் பத்தடி மேலே அடித்தாலே பாதி ஈரம் குறையும். பனி பள்ளத்தில்தான் வந்து உட்காரும்.

ஒரு முறை மதுரைக்காரர் ஒருவர் "ஓட்டை டென்ட் கொடுத்து ஏமாத்திட்டீங்க" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவர் கண்முன்னே முற்றத்தில் அடித்து, அரைமணி நேரம் குழாயைத் திறந்துவிட்டேன். சொட்டுத் தண்ணீர் உள்ளே இல்லை. அவர் அப்போதும் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

### மழை பெய்தது, மேலிருந்து சொட்டுகிறது

முதலில் மேல்ஷீட் தொய்ந்திருக்கிறதா பாருங்கள். நனைந்தால் நைலான் துணி கொஞ்சம் நீண்டு தொங்கும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நடுராத்திரியில் உள்துணியில் சாய்ந்துகிடக்கும். தூங்கப் போகும் முன் ஒரு முறை கயிற்றை இறுக்கினால் போதும்.

அதற்கும் நிற்கவில்லையா? தையலைப் பார்க்கவேண்டும். வெயில் நாளில் முற்றத்தில் அடித்து, ஒருவர் உள்ளே டார்ச்சும் சாக்பீஸுமாக உட்காரட்டும். இன்னொருவர் வெளியே ஒவ்வொரு தையலாக மக்கில் தண்ணீர் ஊற்றட்டும். எங்கே கசிகிறதோ அங்கே உள்ளே இருப்பவர் குறி போடவேண்டும். குறி விழுவது பெரும்பாலும் மூலைகளிலும், கயிறு கட்டும் வளையம் தைத்த இடங்களிலும்தான்.

தையல் மேல் ஒட்டிய பட்டை உரிந்திருந்தால், உரிந்ததை முழுசாக எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டில் துடைத்து, காய்ந்தபின் தையல் அடைப்புப் பசையை மெல்லிசாக இரண்டு பூச்சு பூசுங்கள். ஒரு ராத்திரி காயவேண்டும். பசை வாங்கும்போது ஒரு கவனம்: பாலியூரித்தேன் பூசிய துணிக்கு பாலியூரித்தேன் பசை, சிலிக்கான் துணிக்கு சிலிக்கான் பசை. மாற்றிப் பூசினால் இரண்டாவது மழையில் தோலாக உரிந்து வரும். எது எது என்று தெரியவில்லையா? தையல் மேல் பட்டை ஒட்டியிருந்தால் அநேகமாகப் பாலியூரித்தேன். பட்டையே இல்லாமல், துணி கையில் நழுவிக்கொண்டு போனால் சிலிக்கான். வாடகைக்கு ஓடுகிற டென்ட்டெல்லாம் முதல் வகைதான்.

### துணியே பிசுபிசுக்கிறது, ஒரு நாற்றம் வேறு

பூச்சு செத்துவிட்டது. ஈரத்தோடு மடித்து மாசக்கணக்கில் பரணில் வைத்ததன் பலன். உள்பக்கம் தொட்டால் கையில் ஒட்டும், செதில் செதிலாக உதிரும். இதற்கு எந்தப் பசையும் வேலைக்கு ஆகாது, பணத்தைக் கொட்டாதீர்கள். அந்த மேல்ஷீட்டை வெட்டி விறகு மூடவோ தரையில் விரிக்கவோ வைத்துக்கொள்ளலாம். கறுப்புப் புள்ளி மட்டும் இருந்தால் அது பூஞ்சை. வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து நிழலில் காயவிடுங்கள். கறை போகாது, ஆனால் டென்ட் பிழைத்துக்கொள்ளும். வாஷிங்மெஷினில் மட்டும் போடவேண்டாம்.

### கீழேயிருந்து ஊறுகிறது

டென்ட்டுக்கு அடியில் தார்ப்பாய் விரித்தீர்களா? அது டென்ட்டைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்ததா? அப்படியென்றால் மேலிருந்து வழிந்த மழையெல்லாம் தார்ப்பாயில் விழுந்து, அடியில் குளம் கட்டியிருக்கும். ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள், தீர்ந்தது. அதுவும் இல்லையென்றால் தரைத்துணியைச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசி ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுப் பசை வைத்தால் போதும்.

## ஜிப் மூடவில்லை

டென்ட்டில் முதலில் சாவது ஜிப்தான். இதில் மூன்று கிளை.

### ரன்னர் நகரவே இல்லை

இழுக்காதீர்கள். இழுத்துத்தான் துணியைக் கிழிக்கிறார்கள். துணி மடிப்பு மாட்டியிருக்கிறதா பாருங்கள். மாட்டியிருந்தால் ரன்னரைப் பின்னால் தள்ளிக்கொண்டே துணியைப் பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும். மாட்டவில்லையென்றால் செம்மண். ஜீப் பாதைத் தூசி பல்லுக்குள் அடைத்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். காய்ந்தபின் மெழுகுவத்தியை மேலும் கீழும் தேய்த்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் போடாதீர்கள், அன்றைக்கு வழுக்கும், மறுவாரம் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு முன்னைவிட மோசமாகும்.

### ரன்னர் ஓடுகிறது, ஆனால் பின்னாலேயே பல் திறந்துகொள்கிறது

பல்லில் குறையில்லை, ரன்னர் தேய்ந்துவிட்டது. ரன்னரைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு வாய், பின்பக்கம் ஒரு வாய். இரண்டு வரிசைப் பல்லும் தனித்தனியாக உள்ளே போய் ஒன்றாகச் சேர்ந்து வெளியே வருவது அந்தப் பின்வாய் வழியாக. தேயத் தேய அந்த வாயின் மேல் தகடும் கீழ் தகடும் மயிரிழை அளவுக்கு விலகிவிடும். அவ்வளவு போதும், பல் கோக்காது. ரன்னரை ஜிப்பின் ஆரம்பத்துக்குக் கொண்டுபோங்கள். பின்வாயின் இடது ஓரத்தைச் சின்ன பிளையரால் மெல்ல ஒரு அழுத்து. பிறகு வலது ஓரத்தில் அதே அளவு. இழுத்துப் பாருங்கள். இன்னும் திறந்தால் இன்னொரு மெல்லிய அழுத்து. ஒரேயடியாக நசுக்கினால் ரன்னர் நகராது, அல்லது பட்டென்று உடையும். இரண்டையும் நான் செய்திருக்கிறேன்.

இப்படி அழுத்திய ரன்னர் ஒரு சீசன் தாங்கும். அதற்குள் புதுசு மாற்றிவிடுவது நல்லது. ரன்னரின் முதுகில் 5, 8, 10 என்று ஒரு எண் இருக்கும்; அதே எண், அதே வகையில் வாங்குங்கள். விலை ஒரு டீ, வடைக் காசுதான்.

### பல் பிய்ந்து போயிருக்கிறது

தையல்காரரிடம் போகவேண்டிய இடம் இது. சட்டை தைக்கிறவரிடம் கொடுக்காதீர்கள், ஊசி உடையும், அவர் மனமும் உடையும். ஸ்கூல் பை, டிராவல் பை தைக்கிறவரிடம் போங்கள். முழு ஜிப் மாற்ற அவர் கேட்கும் கூலி டென்ட் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசிக்கவேண்டியதுதான். தைத்து வாங்கியபின் அந்தத் தையலுக்கும் அடைப்புப் பசை பூச மறக்காதீர்கள்.

## கம்பி முறிந்தது, அல்லது கோக்கவில்லை

கம்பித் துண்டுகள் தொளதொளவென்று தொங்கினால்: உள்ளே ஓடும் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது. ஒரு முனையின் மூடியைக் கழற்றி, பழையதை உருவி, 3 மில்லிமீட்டர் எலாஸ்டிக் கயிறு கோத்து முடிச்சுப் போடுங்கள். கயிற்றின் நீளம் மொத்தக் கம்பி நீளத்தில் முக்கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் இழுவை சரியாக இருக்கும். மடிக்கும்போது நடுவிலிருந்து மடித்துக்கொண்டு வந்தால் இரண்டு பக்கமும் சமமாக இழுபடும்; ஓரத்திலிருந்து மடிப்பவர்களால்தான் எலாஸ்டிக் சீக்கிரம் போகிறது.

நீளவாக்கில் விரிசல்: இது ஃபைபர் கம்பி. வெறுங்கையால் தடவாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத சிராய் ஏறி இரண்டு நாள் குத்தும். துணியால் பிடித்து, விரிசல் மேல் டேப்பை இறுக்கமாகச் சுற்றுங்கள். ராத்திரி கழியும்.

இரண்டாக முறிந்தால்: கம்பியைவிடச் சற்றுப் பெரிய வாய் உள்ள, ஒரு சாண் நீள அலுமினியக் குழாயை முறிவின் மேல் நுழைத்து இரண்டு முனையிலும் டேப் சுற்றவேண்டும். ஒவ்வொரு டென்ட் பையிலும் நான் ஒரு துண்டு போட்டு வைக்கிறேன். அது இல்லாவிட்டால் ஆப்பு ஒன்றை எலும்பு முறிவுக்குக் கட்டு போடுகிற மாதிரி பக்கத்தில் வைத்துக் கட்டலாம். ஊருக்கு வந்தபின் முறிந்த துண்டை மட்டும் மாற்றினால் போதும். விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து கேளுங்கள், கண்மதிப்பில் வாங்கினால் கோக்காது.

அலுமினியக் கம்பி வளைந்தால் முழங்காலில் வைத்து நிமிர்த்தவேண்டாம். நிமிர்ந்த இடத்தில் அடுத்த காற்றுக்கு முறியும். லேசான வளைவென்றால் அப்படியே விடுங்கள்.

## ஆப்பு நிற்கவில்லை

தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும்படி 45 டிகிரியில் அடியுங்கள். பாறை தட்டினால் ஆப்பை மறந்துவிட்டு, கயிற்றை ஒரு கல்லில் சுற்றி அதன் மேல் இன்னொரு பெரிய கல்லை வையுங்கள். கொழுக்குமலை விளிம்பில் காற்று அடிக்கிற ராத்திரியில் ஆப்பைவிடக் கல்லைத்தான் நான் நம்புகிறேன்.

## கேஸ் அடுப்பு

### வாடை வருகிறது

மற்றதெல்லாம் பிறகு. அடுப்பை அணைத்து, டென்ட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். அக்கம்பக்கத்தில் பீடி, சிகரெட், தலைவிளக்கு சுவிட்ச் எதுவும் கூடாது. டின்னைக் கழற்றி மறுபடி நேராக மாட்டி, இணைப்பில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்திருக்கிறது. வளையத்தை மாற்றவேண்டும், டேப் சுற்றுவது, நூல் சுற்றுவது எல்லாம் வேண்டாம். கழற்றிய டின்னின் வாயிலிருந்தே குமிழி வந்தால் அந்த டின்னை ஆள் நடமாட்டம் இல்லாத திறந்தவெளியில் வைத்துவிட்டு விலகுங்கள். அடுப்பின் வால்வைப் பிரிப்பது வீட்டுவேலை இல்லை; விற்ற கடையிலோ கேஸ் அடுப்பு மெக்கானிக்கிடமோ கொடுங்கள்.

### பற்றவே மாட்டேன் என்கிறது

நீள டின் மாட்டுகிற அடுப்பென்றால், டின் கழுத்து வளையத்தில் ஒரு வெட்டு இருக்கும். அது மேல்நோக்கி, அடுப்பின் நாக்கோடு பொருந்தவேண்டும். பத்தில் ஐந்து பேர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். கேஸ் சீறுகிறது, பொறிதான் வரவில்லை என்றால் பொறிச் சுவிட்சில் பனி ஈரம் ஏறியிருக்கிறது. தீப்பெட்டியால் பற்றவையுங்கள், வெயில் வந்ததும் அதுவாகச் சரியாகும்.

### எரிகிறது, ஆனால் போகப்போக மெலிகிறது

டின்னை ஆட்டிப் பார்த்தால் உள்ளே தளும்புகிறது. ஆனாலும் தீ சாகிறது. விடியற்காலைப் புகார் இது. பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில்தான் ஆவியாகத் தொடங்கும். வெளியே 5 டிகிரி இருந்தாலும், எரிய எரிய டின் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும்; தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும். ராத்திரி டின்னைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். காலையில் மெலிந்தால் அணைத்து, கழற்றி, உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து மாட்டுங்கள். கைபொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினாலும் சரி. நெருப்பில் காட்டுவது, டின்னையும் சேர்த்துத் தகடு வைத்து மறைப்பது இரண்டும் வெடிக்க வைக்கும். சீசன் முழுக்கக் குளிரில் சமைப்பவர் என்றால் புரொப்பேன் கலந்த டின் வாங்குங்கள். அது மைனஸ் 42 வரை ஆவியாகும்.

### மஞ்சள் தீ, பாத்திரம் கரிபிடிக்கிறது

ஜெட்டில், அதாவது கேஸ் வெளியே வருகிற பொடித் துளையில், தூசி. முதலில் வாயால் ஊதுங்கள். போகவில்லையென்றால் அடுப்போடு வந்த ஊசியால் மட்டும் குத்துங்கள். துணி ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு என்றைக்கும் நீலத்தீ வராது.

பம்பு அடுப்பு வைத்திருப்பவர் இன்னும் இருக்கிறீர்களா? எங்கள் லயத்து வீட்டில் அப்பா பயன்படுத்திய பித்தளை அடுப்பு இன்றும் ஓடுகிறது. பம்பு அடித்தால் அழுத்தம் ஏறவில்லை என்றால், பம்புக் கம்பியை உருவி அதன் முனையில் இருக்கும் தோல் வாசரில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு விரலால் விரித்துவிடுங்கள். தோல் ஊறிப் பூரித்ததும் காற்று பிடிக்கும். வாசர் கிழிந்திருந்தால் போடியில் பழைய பாத்திரக் கடையில் இன்னும் கிடைக்கிறது. குளிருக்கும் காற்றுக்கும் அசையாத அடுப்பு அது ஒன்றுதான். கனமும் மண்ணெண்ணெய் தேடுவதும்தான் தொல்லை.

கோடையில் ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையிறங்கிக் கொண்டிருந்தவர்கள் மாட்டிக்கொண்டது இதே சரிவில்தான். பிப்ரவரி முதல் மழை விழும்வரை புல்மேட்டில் அடுப்பே வேண்டாம். காட்டுக்குள் தங்க வனத்துறை அனுமதியில்லாமல் போகவும் வேண்டாம். யார் அழைத்துப் போனாலும்.

## அடுப்பு நன்றாக எரிகிறது, சோறு வேகவில்லை

அடுப்பைத் திட்டாதீர்கள். 8,000 அடி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது; கேஸ்தான் தீரும். அரிசியை அரைமணி ஊறவைத்து, மூடிபோட்டு, நேரம் கூடுதலாக விடுங்கள். பருப்பு என்றால் மூன்று லிட்டர் பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். வெளிநாட்டு டப்பா அடுப்பு, டைட்டானியம் தட்டு என்று வாங்குகிறவர்கள் இந்தக் குக்கரை மட்டும் கேவலமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

## தலைவிளக்கு மங்குகிறது

பேட்டரிகளை மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழசு ஒன்று, புதுசு இரண்டு போட்டால் பழசு இரண்டு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும்.

புதுசு போட்டும் மங்கலா? ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிடுங்கள். வெறும் பழுப்பு அழுக்கென்றால் பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும். ஸ்பிரிங் அரித்து உடைந்திருந்தால் ஒரு துண்டு அலுமினியத் தாளை மடித்து வைத்து அன்றைய ராத்திரியை ஓட்டலாம்.

பையிலேயே எரிந்து தீர்ந்துவிடுகிறது என்பவர்கள், ஒரு பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு எடுத்துப் போங்கள்.

சார்ஜ் ஏற்றுகிற விளக்கு உப்பியிருந்தால், மூடி மூடவில்லை என்று அழுத்தாதீர்கள், சார்ஜில் போடவும் கூடாது. லித்தியம் பேட்டரி உப்பினால் அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. செல்போன் ரிப்பேர் கடையில் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள்.

## தூக்கப்பைக்குள் இருந்தும் நடுக்கம்

முதுகு மட்டும் சில்லிடுகிறதா: பையில் குறையில்லை. உடம்பின் கனத்தில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும். தரை சூட்டை உறிஞ்சும். கீழே ஒரு நுரைப்பாய் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் கோரைப்பாய், அதன் மேல் கம்பளி. ஐயாயிரம் ரூபாய்க்குப் பெரிய தூக்கப்பை வாங்குவதைவிட ஐந்நூறு ரூபாய்க்கு நல்ல பாய் வாங்குவது மேல் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். வாங்குவதென்னவோ பையைத்தான்.

உடம்பு முழுக்கக் குளிர்கிறதா: பையை எடுத்ததும் படுத்தீர்களா? அரைமணி முன்னாலேயே உதறி விரித்தால் பஞ்சு உப்பும். போட்டிருக்கிற காலுறை நனைந்ததா? மாற்றுங்கள். பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டு, வெளிச்சத்தில் பிடித்தால் வெற்றிடம் தெரிகிறதா? துவைத்த விதம் தவறு. திரும்ப மெல்லிய சோப்பில் அலசி, பிழியாமல் படுக்கவைத்துக் காயவைத்து, கட்டிகளைக் கையால் உதிர்த்துவிடுங்கள். அதற்கும் உப்பவில்லையென்றால் ஆயுள் முடிந்தது. ஊரில் விருந்தாளிக்குப் போர்வையாகும்.

குளிருக்கு அடுப்பையோ கரிச்சட்டியையோ உள்ளே வைத்துவிட்டு, தலைவலியும் மயக்கமுமாக இருக்கிறதா: உடனே எல்லாரையும் வெளியே இழுங்கள், ஜிப்பைக் கிழித்தாவது. வாடையில்லாத கார்பன் மோனாக்சைடு அது. ஜீப்பைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், "இப்ப பரவாயில்லை" என்று படுத்துவிடாதீர்கள். கேரளப் பக்கமும் தமிழ்நாட்டுப் பக்கமும் ஆம்புலன்ஸுக்கு 108 தான்.

## காற்றுமெத்தை காலைக்குள் தரையைத் தொடுகிறது

முதல் ராத்திரி மட்டும் தளர்ந்தால் ஓட்டையில்லை. உள்ளே ஊதிய சூடான மூச்சு குளிர்ந்து சுருங்கியது. படுக்கும் முன் இன்னும் நாலு ஊது ஊதுங்கள். தினமும் தளர்ந்தால் வால்வில் மண் இருக்கிறதா பார்த்துத் துடையுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் பகுதி பகுதியாக அமுக்கிக் குமிழி தேடுங்கள், சைக்கிள் கடையில் டியூப் பார்ப்பது போல. கண்டதும் பேனாவால் வட்டம் போடுங்கள், காய்ந்தால் காணாமல் போகும். ரப்பர் மெத்தைக்குச் சைக்கிள் பஞ்சர் ஒட்டு பிடிக்கும். பிவிசி, நைலான் மெத்தைகளுக்குப் பிடிக்காது. அதனதன் ஒட்டு வேண்டும். உள்ளே தடுப்புகள் விட்டு ஒரு பக்கம் பலூன் மாதிரி புடைத்தால் சரிசெய்ய வழியில்லை.

## டென்ட் மூலையில் கடித்த ஓட்டை

ரஸ்க். பெரும்பாலும் ரஸ்க்தான், சில சமயம் மிக்சர். எலி துணியைச் சாப்பிட வருவதில்லை. ஓட்டையின் இரு பக்கமும் வட்டமாக வெட்டிய ஒட்டுத்துணி வையுங்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்து உரியும்.

எலிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றதால்தான் அரிக்கொம்பன் என்கிற காட்டுயானைக்கு அந்தப் பெயரே வந்தது. 2023 ஏப்ரலில் அவனைப் பிடித்துப் பெரியாறு பக்கம் விட்டார்கள். மே மாசம் கம்பம் டவுனுக்குள் வந்து நின்றான். ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டார்கள். அவன் போனாலும் மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. அரிசி, உப்பு, பழம் எதுவும் டென்ட்டுக்குள் வேண்டாம், ஜீப்பில் பூட்டி வையுங்கள். மூங்கில் முறிகிற சத்தமோ சாணி வாடையோ வந்தால் டார்ச் அடித்துத் தேடாதீர்கள். சத்தமில்லாமல் ஜீப்புக்கோ கட்டடத்துக்கோ போய் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

## ஷூவின் அடி வாய் பிளக்கிறது

பிளந்த இடத்தில் விரல்விட்டுச் சுரண்டுங்கள். சுத்தமாக, ரப்பர் ரப்பராகவே இருந்தால் பசை மட்டும் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் உப்புத்தாள் தேய்த்து, செருப்புக்கடைப் பசையைப் பூசி, பத்து நிமிடம் தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டுச் சேர்த்து, ராத்திரி முழுக்கக் கட்டி வையுங்கள். பூசியதும் சேர்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. பிறகு செருப்பு தைக்கிறவரிடம் சுற்றிலும் ஒரு தையல் போடச் சொல்லுங்கள்.

சுரண்டினால் பழைய கேக் மாதிரி உதிர்கிறதா? நடு நுரையே மக்கிவிட்டது. டப்பாவில் மூடி ஐந்தாறு வருடம் பத்திரமாக வைத்த விலையுயர்ந்த ஷூவுக்குத்தான் இது அதிகம் வரும். பசை நிற்காது. மலையில் வைத்து நேர்ந்தால் லேசை அடிப்பக்கமாகச் சுற்றிக் கட்டி இறங்கி வாருங்கள்.

அட்டை ஏறுவது ஷூவின் கோளாறு இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த ஷூவிலும் ஏறும். காலுறையில் உப்பும் புகையிலையும் தேய்ப்பதுதான் இங்கே வழக்கம்.

## பைனாகுலரில் புகை படர்ந்தது போல்

வேட்டைச் சாமான் என்ன வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது. 1971 வரை துரைமார் வேட்டையாடிய இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. அந்தக் காலச் சாமானில் இன்றும் வைத்திருக்கத் தகுந்தது பைனாகுலரும் ஒரு கத்தியும். கத்தி துருப்பிடித்தால் காரணம் அநேகமாகத் தோலுறைதான். ஈரத்தை அது விடாது. தேங்காயெண்ணெய் தடவி உறைக்கு வெளியே வையுங்கள்.

பைனாகுலருக்கு வருவோம். வெளிக்கண்ணாடியில் மூச்சுப்பட்ட புகையென்றால் ஐந்து நிமிடத்தில் தானாகப் போகும். உள்பக்கம் என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தோடு காற்றுப்புகாத டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். அரிசியில் புதைப்பவர்கள் தூசியையும் சேர்த்து உள்ளே ஏற்றுகிறார்கள். வாரம் கழித்தும் போகாமல், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிலந்தி நூல் மாதிரி கிளை ஓடியிருந்தால் அது பூஞ்சை. கேமரா ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுங்கள், மதுரையில் கிடைப்பார்கள். நீங்களே பிரித்தால் கண்ணாடியைத் துடைத்துவிடலாம், ஆனால் திருப்பி மாட்டியபின் இரண்டு குழாயும் ஒரே வரையாட்டைப் பார்க்காது.